அச்சில் வார்த்த வகுப்பறை: ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடரும் இன வார்ப்புகளும்

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்ற பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரின் துண்டுக் காட்சிகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒருவர் போட்டதும் சிரிப்பு முகங்கள் வரிசை கட்டும். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர், பெரும்பாலும் வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை, “இது இனவெறி, இதையா இன்னும் பார்க்கிறீர்கள்” என்று எழுதும். உடனே பெரியவர் ஒருவர் “அந்தக் காலத்தில் எல்லாரும்தான் சிரித்தோம், யாருக்கு மனசு புண்பட்டது” என்று பதில் போடுவார். அதோடு பேச்சு நின்றுவிடும். ‘ஸ்டீரியோடைப்’ என்ற சொல் இரண்டு பக்கமும் பறக்கும், ஆனால் அது என்ன, எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்கு இந்தத் தொடர் பிடிக்கும். பிடிக்கும் என்பதால்தான் இதில் உறுத்துவது எது என்று பிரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். இதில் இரண்டு வகை நகைச்சுவை ஒன்றாகக் கலந்துகிடக்கிறது. ஒன்று, புது மொழி கற்கும் யாருக்கும் நேரும் தடுமாற்றம். இன்னொன்று, இன்ன நாட்டுக்காரர் என்றால் இப்படித்தான் என்ற அச்சு. சிரித்தவர்களில் பலர் முதலாவதைப் பார்த்துச் சிரித்தார்கள், கோபப்படுகிறவர்கள் இரண்டாவதைப் பார்த்துக் கோபப்படுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே காட்சியைத்தான் பார்க்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு

லண்டனில் ஒரு மாலை நேரக் கல்லூரி. வேலை முடிந்து வரும் வெளிநாட்டவர்களுக்கு அங்கே ஆங்கிலம் சொல்லித்தருகிறார்கள். ஆசிரியர் ஜெரெமி பிரவுன், நடித்தவர் பாரி எவான்ஸ். வகுப்பில் பாகிஸ்தானியரான அலி, பஞ்சாபிச் சீக்கியரான ரஞ்சீத் சிங், இந்திய இல்லத்தரசி ஜமீலா, இத்தாலியச் சமையல்காரர் ஜியோவானி, ஸ்பானியர் ஹுவான், கிரேக்கர் மாக்ஸ், ஜப்பானியர் தாரோ, சீனத் தூதரகத்தில் வேலை பார்க்கும் சூ லீ, அப்புறம் வீட்டோடு தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த பிரெஞ்சுப் பெண் தானியேலும் ஜெர்மன் பெண் அன்னாவும். எழுதியவர் வின்ஸ் பவல். லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் தயாரித்து, பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில் 1977 டிசம்பர் 30 அன்று முதல் பகுதி வந்தது. 1979 வரை மூன்று பருவங்கள், 29 பகுதிகள். பிறகு 1986இல் இன்னும் 13.

அது ஒரு சிட்காம். அதாவது ஒரே இடம், ஒரே ஆட்கள், வாராவாரம் ஒரு புதுச் சிக்கல், அரை மணி நேரத்தில் அது தீர்ந்து எல்லாம் பழையபடி ஆகிவிடும் நகைச்சுவைத் தொடர். இந்த ‘பழையபடி ஆகிவிடும்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முறுக்கு அச்சும் ஈயத் தகடும்

முறுக்குப் பிழியும்போது மாவு எந்த வீட்டு மாவாக இருந்தாலும் அச்சில் என்ன ஓட்டை இருக்கிறதோ அந்த வடிவத்தில்தான் வெளியே வரும். பச்சரிசியா புழுங்கலரிசியா, எள் போட்டதா ஓமம் போட்டதா என்பதெல்லாம் வாயில் போட்டால்தான் தெரியும். தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரிவது அச்சு மட்டும்தான்.

‘ஸ்டீரியோடைப்’ என்ற சொல்லும் உண்மையில் அச்சிலிருந்து வந்ததுதான், சமையலறை அச்சு இல்லை, அச்சுக்கூடத்து அச்சு. பழைய அச்சகங்களில் ஒவ்வோர் எழுத்தாகக் கோத்துப் பக்கத்தை உருவாக்குவார்கள். மறுபதிப்பு வேண்டுமென்றால் மறுபடியும் கோக்க வேண்டும். அந்தப் பாட்டைத் தவிர்க்க, கோத்த பக்கத்தின் மேல் அச்செடுத்து, அதில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றி ஒரே தகடாக வார்த்துவிடுவார்கள். அந்தத் தகட்டுக்குத்தான் ஸ்டீரியோடைப் என்று பெயர், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிர்மேன் தீதோ என்ற பிரெஞ்சு அச்சாளர் வைத்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் அதை வைத்து அடிக்கலாம், ஆனால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. 1922இல் வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இந்தச் சொல்லை எடுத்து, மனிதர்களைப் பற்றி நம் தலைக்குள் ஏற்கெனவே வார்த்து வைத்திருக்கும் படங்களுக்கு வைத்தார். அதற்குப் பிறகுதான் இன்றைய பொருள் பரவியது.

தமிழில் இதை வார்ப்பு என்று சொல்கிறேன். ஒருவரின் இனமோ நாடோ மதமோ தெரிந்த உடனேயே, அவரைப் பற்றி வேறெதுவும் தெரியாமலே, அவர் எப்படிப் பேசுவார், எதற்குக் கோபப்படுவார், எதற்கு ஆசைப்படுவார் என்று முடிவுகட்டித் தரும் தயார்ப் படம் அது.

இதில் இரண்டு விஷயம் பலருக்குக் குழம்புகிறது. வார்ப்பு என்றால் பொய் என்று நினைக்கிறார்கள். அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தலைப்பாகை கட்டும் சீக்கியர்கள் இருக்கிறார்கள், குனிந்து வணங்கும் ஜப்பானியர்கள் இருக்கிறார்கள். “அப்படிப்பட்ட ஆட்கள் உண்மையிலேயே உண்டே” என்று வாதாடுகிறவர் சொல்வது சரிதான், ஆனால் அது கேட்ட கேள்விக்குப் பதிலில்லை. அப்புறம், வார்ப்பு என்றால் திட்டுவது என்று நினைக்கிறார்கள், அதுவும் தேவையில்லை. இந்தத் தொடரில் ஜெர்மன் பெண் கறாரானவள், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்பவள். அது பாராட்டு மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் அது வார்ப்பு, ஏனென்றால் அன்னாவிடம் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பொய்யா மெய்யா, நல்லதா கெட்டதா என்று பார்ப்பதைவிட, அந்தத் தகட்டில் ஓர் எழுத்தையாவது மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

பஸ்ஸு, பெட்டோ, இஸ்கூல்

இப்போது இன்னொரு பக்கம் போவோம். புது மொழி பேசும்போது நாம் செய்யும் தவறுகள் கண்டபடி வருவதில்லை, அவற்றுக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. நம் தாய்மொழி பழக்கிவைத்த நாக்கும் காதும் புது மொழிக்குள்ளும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இதற்குத் தாய்மொழித் தாக்கம் என்று பெயர்.

நமக்கு இது வீட்டுச் சமாச்சாரம். ‘பஸ்’ என்பதை நாம் ‘பஸ்ஸு’ என்கிறோம், ஏனென்றால் அந்த மாதிரி மெய்யில் சொல்லை நிறுத்துவது தமிழ் நாக்குக்குப் பழக்கமில்லை, ஓர் உகரத்தைச் சேர்த்தால்தான் ஆசுவாசமாக இருக்கிறது. ‘ஸ்கூல்’ என்பதை ஊர்ப்பக்கம் ‘இஸ்கூல்’ என்பார்கள், ஏனென்றால் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதைத் தமிழ் ஏற்பதில்லை. ஸ்பானிய மொழியும் தொடக்கத்தில் ‘ஸ்’ஸோடு இன்னொரு மெய் சேர்வதை ஏற்பதில்லை, அதனால் ஸ்பானியர்களும் முன்னால் ஓர் எகரத்தைப் போட்டு ‘எஸ்கூல்’ என்பார்கள். ஜப்பானியர்களும் நம்மைப் போலத்தான், ‘பஸ்’ அவர்கள் வாயில் ‘பஸு’. எங்கேயோ இருக்கும் மூன்று மொழிக்காரர்கள் ஒரே மாதிரிச் சிக்கலுக்கு ஒரே மாதிரி வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

சரி, தொடரில் வரும் தாரோவைப் பாருங்கள். ஜப்பானியர் என்பதால் அவர் ஆங்கிலச் சொற்களின் கடைசியில் ‘ஓ’ சேர்த்துச் சேர்த்துப் பேசுகிறார். இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஜப்பானிய மொழியில் ‘பெட்’ என்பது ‘பெட்டோ’ ஆகும், ‘டெஸ்ட்’ என்பது ‘டெஸுட்டோ’ ஆகும். ஆனால் ட, த மாதிரியான ஒலிகளுக்குப் பிறகுதான் அந்த ஓகாரம் வரும், மற்ற இடங்களில் பெரும்பாலும் உகரம். அது ஒரு விதி, ஜப்பானியக் குழந்தைக்கும் தெரிந்த விதி. தொடர் அந்த விதியைத் தூக்கி எறிந்துவிட்டு ‘ஓ’வை மட்டும் வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட எல்லாச் சொல்லின் வாலிலும் ஒட்டிவிட்டது. உண்மையான தாய்மொழித் தாக்கம் வார்ப்பாக மாறும் இடம் சரியாக இதுதான். மனிதர் எப்படிக் கற்கிறார் என்பதைக் காட்டும் விதி போய்விட்டது, அவர் எந்த நாட்டுக்காரர் என்பதைக் காட்டும் ஒலி மட்டும் மிஞ்சியது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்து வைத்துக்கொள்வோம். வார்ப்பு என்பது நாட்டின் பெயரிலிருந்தே மனிதரை முடிவு செய்துவிடும் தயார்ப் படம். தாய்மொழித் தாக்கம் என்பது யாருக்கும், நமக்கும், நேரும் ஒழுங்கான தடுமாற்றம். தொடர் இரண்டையும் சேர்த்து ஒட்டியிருக்கிறது.

ஆளை மாற்றிப் பார்ப்பது

ஒட்டியிருப்பதைப் பிரிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு நகைச்சுவையைப் பார்க்கும்போது மனசுக்குள் ஆளை மாற்றிப் பாருங்கள்.

தமிழ் கற்கும் ஒருவரிடம் “அவன் உனக்குக் காது குத்துகிறான்” என்று சொன்னால் அவர் பதறிப்போய்த் தன் காதைத் தடவிப் பார்ப்பார். அவர் கொரியர் என்றாலும் குஜராத்தி என்றாலும் இந்த நகைச்சுவை நிற்கும், ஏனென்றால் சிரிப்பு தமிழின் விசித்திரத்திலிருந்து வருகிறது. இந்தத் தொடரில் இப்படிப்பட்ட காட்சிகள் நிறைய உண்டு. பிரவுன் சாதாரணமாக ஒரு மரபுத்தொடரைச் சொல்ல, வகுப்பு அதை எழுத்துக்கு எழுத்து நம்பிவிடும், அவர் அதை விளக்கப்போய் இன்னொரு மரபுத்தொடரில் மாட்டிக்கொள்வார். அங்கே மாட்டிக்கொள்வது ஆங்கிலம்தான். ஆங்கிலம் எவ்வளவு தாறுமாறான மொழி என்பது வெளியிலிருந்து வந்தவர்கள் கேட்கும்போதுதான் தெரிகிறது. இந்தக் காட்சிகளை இன்றைக்கும் நான் மனசாரச் சிரித்துப் பார்ப்பேன்.

இப்போது சூ லீயை எடுத்துக்கொள்வோம். அவர் பேசும்போதெல்லாம் மாவோவின் மேற்கோளை ஒப்பிக்கிறார், ர-வுக்கு ல-வும் ல-வுக்கு ர-வும் சொல்கிறார். அந்த இடத்தில் இத்தாலியரை உட்காரவைத்தால் நகைச்சுவை அப்படியே செத்துவிடும். ரஞ்சீத் எதற்கெடுத்தாலும் ‘ஆயிரம் மன்னிப்புகள்’ என்ற பொருளில் ஒரு வசனம் சொல்வார். தானியேல் வாசலில் நுழைந்தாலே ஆண்கள் வாய்பிளக்க வேண்டும், காரணம் அவள் பிரெஞ்சுக்காரி. ஜியோவானி சத்தியம் செய்வதே சாப்பாட்டின் பெயரைச் சொல்லித்தான். இங்கெல்லாம் ஆளை மாற்ற முடியாது, மாற்றினால் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தச் சிரிப்பு தகட்டிலிருந்து வருகிறது.

அலியும் ரஞ்சீத்தும் போடும் சண்டையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஒருவர் முஸ்லிம், ஒருவர் சீக்கியர் என்பதாலேயே அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய்வார்கள், பிரவுன் நடுவில் நின்று குழந்தைகளை விலக்குவது போல விலக்குவார். தொடர் வந்தது 1977இல். பஞ்சாப் இரண்டாகக் கிழிந்தது 1947இல், முப்பதே ஆண்டுகள் முன்பு. அந்த வயதுடைய ஒரு பஞ்சாபிச் சீக்கியர் சிறுவனாகவோ இளைஞனாகவோ அதைக் கண்ணால் பார்த்திருப்பார், ஒருவேளை வீட்டை விட்டு ஓடியும் இருப்பார். அந்த எல்லைக்கோட்டை வரையும் பொறுப்பு லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட சிரில் ராட்கிளிஃப் என்ற வழக்கறிஞரிடம் கொடுக்கப்பட்டது. இவ்வளவு பெரிய துயரத்திலிருந்து காரணத்தை எல்லாம் கழற்றிவிட்டுச் சண்டையை மட்டும் எடுத்து வகுப்பறையில் வைத்தால், இவர்கள் இயல்பிலேயே இப்படித்தான், ஆங்கிலேயர்தான் பாவம் சமாதானம் செய்ய வேண்டியிருக்கிறது என்ற படம் கிடைக்கிறது. வார்ப்பு செய்யும் வேலைகளிலேயே மிக மோசமானது இதுதான் என்று நினைக்கிறேன். அது கேலி செய்வதைவிட, வரலாற்றைக் குணமாக மாற்றிவிடுவது.

ஒருபோதும் தேறாத மாணவர்கள்

சிட்காம் பழையபடி ஆகிவிடும் என்று சொன்னேன் அல்லவா. சாதாரணமாக அது ஒரு கெடுதலும் இல்லை. ஒரு குடும்பத்தைப் பற்றிய தொடரில் வாராவாரம் சண்டை வந்து வாராவாரம் சமாதானம் ஆனால் யாருக்கு என்ன நஷ்டம். ஆனால் கதைக்களம் ஆங்கில வகுப்பு என்றால்? மாணவர்கள் ஆங்கிலம் கற்றுவிட்டால் வகுப்பு முடிந்துவிடும், வகுப்பு முடிந்தால் தொடர் முடிந்துவிடும். ஆகவே அவர்கள் ஒருபோதும் தேறக்கூடாது. பருவத்துக்குப் பருவம் அதே பெஞ்சு, அதே பிழை, அதே வசனம்.

இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, வடிவமே அப்படிக் கேட்டது. ஆனால் விளைவு என்ன? மொழி தெரியாத நிலை என்பது குடியேறியவரின் வாழ்க்கையில் ஒரு கட்டம். நிஜத்தில் அவர்கள் ஓரிரு ஆண்டில் கடை போட்டு, கணக்குப் பார்த்து, பிள்ளையின் ஆசிரியரோடு வாதாடும் அளவுக்கு வந்துவிடுவார்கள். தொடரில் அந்தக் கட்டம் அவர்களின் நிரந்தரக் குணமாக உறைந்துபோகிறது. ஜமீலாவை மட்டும் கொஞ்சம் விலக்காகச் சொல்லலாம். தொடக்கத்தில் மூலையில் உட்கார்ந்து பின்னல் பின்னிக்கொண்டு ஒரு வார்த்தை பேசத் திணறும் அவர், போகப்போகக் கொஞ்சம் பேச ஆரம்பிக்கிறார். அந்தச் சின்ன மாற்றத்தைப் பார்க்கும்போதே ஒரு நிறைவு வருகிறது.

எனவே ஆளை மாற்ற முடிகிறதா என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: இந்த ஆளால் மாற முடிகிறதா?

“எல்லாரையும்தானே கிண்டல் செய்தார்கள்?”

இந்தத் தொடருக்கு ஆதரவாக வரும் வாதங்களில் இதுதான் பலமானது. உண்மைதான், தொடர் யாரையும் விட்டுவைக்கவில்லை. கல்லூரித் தலைவி மிஸ் கோர்ட்னி ஒரு வார்ப்பு, குடிக்கக் காரணம் தேடும் பராமரிப்பாளர் சிட்னி ஒரு வார்ப்பு, இரண்டு பேரும் ஆங்கிலேயர்கள். பல நாட்டுக்காரர்கள் ஒரே அறையில் சிநேகமாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஆசிரியருக்கு ஒரு துன்பம் என்றால் சேர்ந்து துடிக்கிறார்கள், அந்த நேசமும் பொய்யில்லை.

ஆனால் ஒரே கல்லை எல்லார்மேலும் எறிந்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிக்காது, தலைக்கவசம் போட்டவரும் போடாதவரும் ஒன்றில்லை. அன்றைய பிரிட்டனில் மொத்தம் மூன்றே தொலைக்காட்சி அலைவரிசைகள். ஆங்கிலேயர்கள் அந்த மூன்றிலும் செய்தி வாசித்தார்கள், துப்பறிந்தார்கள், காதலித்தார்கள், மருத்துவர்களாக வந்தார்கள். சிட்னியைப் பார்த்து ஆங்கிலேயர்கள் எல்லாரும் குடிகாரர்கள் என்று யாரும் நினைக்க வழியே இல்லை. தெற்காசியரைத் திரையில் பார்ப்பது அபூர்வம், பார்த்தாலும் பெரும்பாலும் இப்படிப்பட்ட வேடத்தில்தான். ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் வரை பார்த்த தொடர் இது. அவர்களில் எத்தனையோ பேருக்கு அலிதான் அவர்கள் ‘அறிந்த’ ஒரே பாகிஸ்தானியர்.

வெளியே தெருவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து விரட்டிய ஆசியர்களில் சுமார் 28,000 பேர் பிரிட்டனுக்கு வந்தார்கள். குடியேற்றத்துக்கு எதிரான நேஷனல் ஃப்ரண்ட் கட்சி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது, 1977 ஆகஸ்டில் லண்டன் லூயிஷமில் பெரிய மோதலே நடந்தது. 1976இல் மேற்கு லண்டனின் சவுத்தாலில் குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயது மாணவர் கொல்லப்பட்டார். 1978 மே மாதம் கிழக்கு லண்டனில் அல்தாப் அலி என்ற வங்காளத் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும்போது கொல்லப்பட்டார். ஒரு சிங், ஓர் அலி. திரையில் இருந்த பெயர்களும் இவைதான். தொடரால் இந்தக் கொலைகள் நடந்தன என்று நான் சொல்லவே மாட்டேன், அது அநியாயம். ஆனால் அந்தத் தெருக்களில் பயந்து நடந்த ஒருவரிடம் போய் “எல்லாரையும்தானே கிண்டல் செய்தோம்” என்று சொன்னால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

“அப்போது யாரும் எதிர்க்கவில்லை” என்பதும் சரியில்லை. தொடர் நல்ல பார்வையாளர் எண்ணிக்கையோடு ஓடிக்கொண்டிருந்தபோதே அதை நிறுத்தியவர் லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷனின் சொந்த அதிகாரிதான், மைக்கேல் கிரேட். வார்ப்புகள் மனிதர்களைப் புண்படுத்துகின்றன என்று அவர் கருதினார். அது இந்தத் தலைமுறை கிளப்பிய புகார் இல்லை, 1979இலேயே நிறுவனத்துக்கு உள்ளிருந்து வந்தது.

ரஞ்சீத் சிங் கம்பளைக்காரர்

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்கு, குறிப்பாக இலங்கைக்காரர்களுக்கு, பிடிக்கும் ஒரு செய்தி. ரஞ்சீத் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் பஞ்சாபியும் இல்லை, சீக்கியரும் இல்லை. அவர் இலங்கையில் கம்பளையில் பிறந்தவர். 1937இல் பிறந்து 2017இல் மறைந்தார்.

மற்றவர்களையும் பாருங்கள். பாகிஸ்தானியராக வந்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். ஜப்பானியர் தாரோவாக நடித்த ராபர்ட் லீ சீன வம்சாவளி. கிரேக்கர் மாக்ஸாக நடித்த கெவோர்க் மாலிக்யான் துருக்கியில் பிறந்த ஆர்மீனியர். ஸ்பானியர் ஹுவானாக நடித்த ரிகார்டோ மோன்டெஸ் ஜிப்ரால்டர்காரர். தானியேலாக நடித்த ஃபிரான்சுவாஸ் பஸ்கால் மொரிஷியஸில் பிறந்தவர், சூ லீயாக நடித்த பிக்சென் லிம் மலேசியாவின் பினாங்கில் பிறந்தவர்.

நடிகர் வேறு நாட்டவராக நடிப்பதில் தவறில்லை, நடிப்பு என்பதே அதுதான். ஆனால் இந்தப் பட்டியல் வார்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்ணுக்கு நேராகக் காட்டுகிறது. தாரோவிடம் கேட்கப்பட்டது ஜப்பானியத்தன்மை இல்லை, ஆங்கிலப் பார்வையாளரின் தலைக்குள் இருந்த ஜப்பானியப் படம். அதை நிரப்ப யார் முகம் போதுமோ அந்த முகம் போதும். தலைப்பாகையும் ஒரு வசனமும் இருந்தால் கம்பளைக்காரர் பஞ்சாபி ஆகிவிடலாம். இதற்காக அந்த நடிகர்கள் யாரையும் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அன்றைக்கு லண்டனில் கிழக்கத்திய முகமுள்ள ஒருவருக்கு வாராவாரம் வசனம் பேசும் வேடம் கிடைப்பதே பெரிது. அந்த அரை மணி நேரத்துக்குள் அவர்கள் காட்டும் நேரக் கணக்கும் முகபாவமும் அவ்வளவு துல்லியம்.

அப்படியானால் நாம் ஏன் சிரித்தோம்?

தொடர் இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் என்று நம் ஆட்கள் இருக்கும் நாடுகளில் எல்லாம் விரும்பிப் பார்க்கப்பட்டது. கிண்டல் செய்யப்பட்டவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

நாம் உட்கார்ந்திருந்த இடம் வேறு, அதுதான் காரணம். ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிய அனுபவம் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு, நேர்முகத் தேர்வில் வாய் வராமல் நின்ற நினைவு உண்டு. எனவே வகுப்பில் இருந்தவர்களை நாம் நம்மவர்களாகப் பார்த்துச் சிரித்தோம். அத்தோடு நம் தெருவில் நாம் பெரும்பான்மை. தொடர் முடிந்து வெளியே போனால் நம்மை யாரும் அலி என்று கூப்பிடப்போவதில்லை. லண்டனில் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, முந்தைய நாள் இரவு வந்த வசனம் மறுநாள் வகுப்பில் அவன்மேல் விழும். ஒரே காட்சி, பார்க்கும் இடத்தைப் பொறுத்து வேறு பொருள்.

இது நமக்குத் தெரியாத உணர்வும் இல்லை. இந்திப் படங்களில் நெற்றியில் பட்டையும் வாயில் ‘ஐயய்யோ’வுமாக வரும் ‘மதராஸி’யைப் பார்த்து, மும்பையிலும் டெல்லியிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் நெளிந்திருக்கிறார்கள். அதே நேரத்தில் நம் படங்களில் வட்டிக்கடைச் சேட்டும் டீக்கடை நாயரும் வந்தபோது நாம் நெளியவில்லை. 1993இல் தூர்தர்ஷன் இதே தொடரை ‘ஜபான் சம்பால்கே’ என்று இந்தி கற்கும் வகுப்பாக மாற்றியது, பங்கஜ் கபூர் ஆசிரியர். நாடுகள் இருந்த இடத்தில் பெரும்பாலும் மாநிலங்களைக் கொண்டுவந்து வைத்தாலும் இயந்திரம் அப்படியே ஓடியது.

வார்ப்பை வைத்து நகைச்சுவை செய்யவே கூடாதா என்றால், நான் அப்படி நினைக்கவில்லை. பிபிசியில் 1998இல் வந்த ‘குட்னஸ் கிரேஷியஸ் மீ’ தொடரில் புகழ்பெற்ற ஒரு காட்சி உண்டு. குடித்துவிட்டு வரும் இந்திய நண்பர்கள் கூட்டம் ஒன்று ஆங்கில உணவகத்துக்குப் போய், பரிமாறுபவரின் பெயரைக் கடித்துக் குதறி, இருப்பதிலேயே உப்பு உறைப்பு இல்லாத பண்டம் எது என்று கேட்டு வரவழைக்கும். அதிலும் வார்ப்பு இருக்கிறது. ஆனால் அங்கே சிரிக்கப்படுவது, வாரக் கடைசி இரவில் இந்திய உணவகங்களில் போய் ரகளை செய்யும் பழக்கம். எழுதி நடித்தவர்கள் அந்த மேசைகளின் மறுபக்கத்தை அறிந்த குடும்பத்துப் பிள்ளைகள். தகடு அவர்கள் கையில் இருந்தது, அதை வளைத்தும் பார்த்தார்கள்.

ஒரு கரண்டி கிரேவி

கடைசியாக ஓர் உண்மைச் சம்பவம், ஏனென்றால் வார்ப்பில்லாமலும் மொழித் தடுமாற்றத்தில் எவ்வளவு கதை இருக்கிறது என்பதை இதைவிட நன்றாக எதுவும் காட்டாது. அதே 1970களில் பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றில், ஊழியர்களுக்கான உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் புகார் வந்தது: இந்தப் பெண்கள் முகம்கொடுத்துப் பேசுவதில்லை, முரட்டுத்தனமாக இருக்கிறார்கள். அவர்கள் பேசியதே நாலைந்து சொல்தான். அவர்களுக்கோ, நம்மை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்ற மனவருத்தம்.

ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் இதை ஆராய்ந்தார். நாஜி ஜெர்மனியிலிருந்து இளவயதில் அமெரிக்காவுக்குப் போனவர், அவருமே குடியேறியவர்தான். அங்கே நடந்ததை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது சிக்கல் பிடிபட்டது. தட்டில் இறைச்சி வைத்ததும் கிரேவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆங்கிலேயப் பெண் ‘கிரேவி’ என்பதைக் கடைசியில் தொனியை உயர்த்திச் சொல்வார், அது கேள்வி. நம் பெண்கள் அதே சொல்லைத் தொனியைத் தாழ்த்திச் சொன்னார்கள், அவர்கள் மொழிப் பழக்கத்தில் அந்த இடத்தில் அதுதான் மரியாதையான கேள்வி. ஆங்கிலேயக் காதில் அது ‘இதுதான் கிரேவி, வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்று விழுந்தது.

இரண்டு பதிவையும் போட்டுக் காட்டியபோது முதலில் அந்தப் பெண்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை, ஒரே சொல்லைத்தானே சொல்கிறோம் என்றார்கள். விளக்கிய பிறகுதான் இத்தனை நாள் தம்மை முறைத்த முகங்களுக்குக் காரணம் புரிந்தது. தாழ்ந்த தொனி அவர்களுக்குச் சாதாரணமாகக் கேட்கும் முறை என்பது மேற்பார்வையாளருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் ஒரே நாளில் ஒரே பாடத்தைக் கற்றார்கள், நடுவில் ஆறிக்கொண்டிருந்தது ஒரு கரண்டி கிரேவி.